டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ்: தேர்வு முதல் முழு லோடு சோதனை வரை

புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) விஷயத்தில் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸைப் பார்த்து வாங்குகிறார்கள், நேராக மதர்போர்டில் சொருகுகிறார்கள், ஆன் ஆனதும் வேலை முடிந்தது என்று கேபினெட்டை மூடிவிடுகிறார்கள். விண்டோஸ் திறக்க 60, 70 வாட் போதும். கேம் ஓடும்போதோ வீடியோ ரெண்டர் ஆகும்போதோதான் 350 வாட் இழுக்கும். கோளாறு அப்போதுதான் தெரியும், அதற்குள் போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் அதே ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கீழே உள்ள வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படியில் சேதம் வராமல் காக்கிறது. நடுவில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

## 1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

- டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. சாதாரண மீட்டரே போதும், ஆனால் உள்ளே புது பேட்டரி இருக்க வேண்டும். பேட்டரி இறங்கிய மீட்டர் வோல்ட்டை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்பவர்கள் உண்டு.
- முதலைக் கிளிப் வைத்த கறுப்பு ஒயர், கூர் முனை புரோப்.
- பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு நான்கு. கூடவே பழைய மோலெக்ஸ் (மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு என நான்கு ஒயர் உள்ள பழைய வகை கனெக்டர்) நீட்டிப்பு ஒயர் இரண்டு.
- ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பு. சீரிஸ் லேம்ப் கட்ட, அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும்படி செய்ய, இது தேவை. எல்இடி பல்பு இதற்கு உதவாது.
- பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் இருந்தால் நல்லது.

மல்டிமீட்டரில் ஒரு எச்சரிக்கை. சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகியிருக்கும்போது வோல்ட் பார்க்கப் போனால் அது நேரடி ஷார்ட். ஒவ்வொரு முறையும் ஓட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் புரோப்பை வைக்க வேண்டும்.

## 2. எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் சுவர் பிளக்கைப் பாருங்கள்

மீட்டரை ஏசி 750 அல்லது 600 வோல்ட் நிலையில் வைத்து மூன்று அளவு எடுங்கள். நம் ஊர் மூன்று பின் சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல்.

பேஸ் – நியூட்ரல் 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பேஸ் – எர்த் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல் – எர்த் 3, 4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசி அளவு 40, 60 என்று போனால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பின்னால் ஒயரே இழுக்கவில்லை. பழைய வீடுகளில் சாக்கெட்டுக்கு மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் வருவது இரண்டே ஒயர்.

எஸ்எம்பிஎஸ் உள்ளே நுழையும் இடத்தில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்கு இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் போகின்றன. எர்த் இல்லையென்றால் அவை இரண்டும் சேர்ந்து கேபினெட் உடலைப் பாதி வோல்ட்டில், அதாவது 110, 115 வோல்ட் அளவில், நிறுத்திவிடும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருப்பது இதனால்தான். ஆளைக் கொல்லும் கரண்ட் இல்லை. ஆனால் டிவியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும் நொடியில் அந்தப் போர்ட் போய்விடலாம். "புது எஸ்எம்பிஎஸ் ஷாக் அடிக்கிறது" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் கேஸ்களில் பல உண்மையில் வீட்டு வயரிங் கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்த பிறகு மேலே போங்கள்.

## 3. கணக்கைப் 12 வோல்ட்டில் போடுங்கள்

இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் உள்ள வேலை கொஞ்சம்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வாட்ஸ்" இல்லை, "12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்".

ஓர் உதாரணம். இன்டெல் ஐ5 12400எஃப், என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, ரேம் இரண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று, கேபினெட் ஃபேன் நான்கு.

பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்றுதான் போட்டிருக்கும். டர்போவில் 117 வாட் வரை போகும். போர்டில் பிராசஸருக்காக வோல்ட்டை இறக்கும் சுற்று (விஆர்எம்) தின்பதையும் சேர்த்தால் 130. கார்டு 170. போர்டு, ரேம் 45. ஹார்ட் டிஸ்க் 8, என்விஎம்இ 7, ஃபேன்கள் 12, யுஎஸ்பியில் தொங்குபவை 10. மொத்தம் 382 வாட். இதில் 12 வோல்ட் பங்கு சுமார் 325 வாட், அதாவது 27 ஆம்பியர்.

பிராசஸரின் 65 வாட்டை அப்படியே கணக்கில் எடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. ஏஎம்டியிலும் இதே கதைதான். ரைசன் 5 7600க்கு 65 வாட் என்று சொல்வார்கள், சாக்கெட்டுக்குப் போகும் வரம்பு 88 வாட்.

மொத்தத்தை 1.4ஆல் பெருக்குங்கள். 382க்கு 535 வரும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். இந்த 40 சதவீதம் மூன்று காரணங்களுக்காக. கிராபிக்ஸ் கார்டு சில மைக்ரோ நொடிகளுக்குத் தன் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். கெப்பாசிட்டர்கள் வருடம் போகப்போகத் தளரும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் கேபினெட்டுக்குள் 45 டிகிரி இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3080 போல 320 வாட் கார்டு என்றால் பெருக்கல் 1.6 ஆகட்டும். அந்த வகைக் கார்டுகளில் திடீர் எழுச்சி பெரிது.

அதற்காக 382 வாட் சிஸ்டத்துக்கு 1000 வாட் வாங்கத் தேவையில்லை. இணையம் பார்க்கும்போது சிஸ்டம் இழுக்கும் 60 வாட், 1000 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெறும் 6 சதவீதம். அந்த அளவில் பெரும்பாலானவற்றின் திறன் (சுவரில் இழுப்பதில் சிஸ்டத்துக்குப் போய்ச் சேரும் பங்கு) குறைவு. அந்தப் பணத்தில் நல்ல தரமான 550 வாங்கலாம்.

## 4. லேபிளைப் படிப்பது

பெட்டியைத் திருப்பிக்கொண்டிருக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் உடலில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். கடையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஆன்லைனில் என்றால் லேபிள் படம் இல்லாததை வாங்காதீர்கள்.

500 வாட் என்று விற்கும் மலிவுச் சரக்கின் லேபிள் இப்படி இருக்கும்: 12 வோல்ட் 20 ஆம்பியர், 5 வோல்ட் 28 ஆம்பியர், 3.3 வோல்ட் 30 ஆம்பியர், மைனஸ் 12 வோல்ட் 0.5 ஆம்பியர், ஸ்டாண்ட்பை 5 வோல்ட் 3 ஆம்பியர். பெருக்கிக் கூட்டுங்கள். 240, 140, 99, 6, 15. சரியாக 500 வருகிறது, பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டிய 12 வோல்ட்டில் இருப்பது 240 வாட்தான். மேலே கணக்குப் போட்ட சிஸ்டத்துக்கு 325 வேண்டும்.

நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 540 வாட்டை ஒட்டி, அதாவது 45 ஆம்பியர், போட்டிருக்கும். 12 வோல்ட் வாட்ஸ் மொத்த வாட்ஸில் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே டிசி-டிசி அமைப்பு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அதாவது முதலில் 12 வோல்ட் மட்டும் செய்து, அதிலிருந்து 5ஐயும் 3.3ஐயும் தனியாக இறக்குகிறது. பழைய குரூப் ரெகுலேஷன் முறையில் 12ம் 5ம் ஒரே காயிலில் கட்டுண்டவை. 12 வோல்ட்டில் லோடு ஏறினால் அது இறங்கும், கூடவே 5 வோல்ட் மேலே ஏறும். இன்றைய சிஸ்டத்தில் லோடு முழுக்க 12ல்தான் என்பதால் இந்த முறை ஒத்துவராது.

12 வோல்ட் 1, 12 வோல்ட் 2 என்று இரண்டு கட்டங்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் 18 ஆம்பியர் என்றிருந்தால் 36 என்று கூட்டாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாட் எண் இருக்கும். அது 336 என்றால் கிடைப்பது 28 ஆம்பியர்.

லேபிளில் இன்புட் வரியையும் பாருங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் நல்லது. மாலை நேரத்தில் 180க்கு இறங்கும் ஊர்களிலும் ஓடும், தனி ஸ்டெபிலைசர் வேண்டாம். பின்னால் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. அந்தச் சுவிட்ச் 115ல் இருக்க 230 மின்சாரம் கொடுத்தால் உள்ளே கெப்பாசிட்டர் வெடிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் அதன் கீழே ஆர் எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருந்தால், பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு யார் பெயரில் பதிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## 5. தேர்வில் மற்றவை

80 பிளஸ் சான்று திறனை மட்டும் சொல்கிறது. வோல்ட் ஏறி இறங்காமல் நிற்குமா, பாதுகாப்புச் சுற்று வேலை செய்யுமா என்று அது சொல்வதில்லை. அந்தச் சோதனை 23 டிகிரி அறையில் நடக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) தரத்துக்கு 85 சதவீதம், கோல்டு தரத்துக்கு 90 சதவீதம் வேண்டும். 300 வாட் லோடில் வித்தியாசம் 20 வாட். தினம் 6 மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் மூன்றரை யூனிட். மின் கட்டணத்துக்காகக் கோல்டு வாங்குவதில் பெரிய லாபம் இல்லை, சூடு குறைவதும் ஃபேன் சத்தம் குறைவதும்தான் லாபம்.

பாதுகாப்புப் பட்டியலில் ஓவிபி (வோல்ட் கூடினால்), யுவிபி (வோல்ட் குறைந்தால்), ஓபிபி (வாட் மீறினால்), எஸ்சிபி (ஷார்ட் ஆனால்) அணையும் வசதிகளை எல்லோரும் எழுதுவார்கள். ஓடிபி, அதாவது அதிகச் சூட்டில் தானே அணையும் வசதி, இருக்கிறதா என்று தேடுங்கள். மலிவானவற்றில் முதலில் காணாமல் போவது இதுதான், நம் வெயிலுக்கு முதலில் வேண்டியதும் இதுதான்.

கேபிளை எண்ணுங்கள். பிராசஸருக்கு 4+4 பின் ஒன்றாவது வேண்டும். கார்டுக்கு 6+2 பின் எத்தனை என்று கார்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 8 பின் இணைப்பு ஒன்று 150 வாட்டுக்கு, 6 பின் 75 வாட்டுக்கு, போர்டின் ஸ்லாட் 75 வாட்டுக்கு. 16 பின் கார்டு என்றால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள், கன்வெர்ட்டர் ஒயர் தேவைப்படாது. அந்த விதிமுறைப்படி 100 மைக்ரோ நொடிக்கு இரட்டை வாட்ஸையும் அது தாங்கியாக வேண்டும்.

அளவு: சாதாரண ஏடிஎக்ஸ் 150 மிமீ அகலம், 86 மிமீ உயரம், நீளம் 140லிருந்து தொடங்கும். ஹார்ட் டிஸ்க் கூண்டு பக்கத்தில் இருந்தால் 160 மிமீ எஸ்எம்பிஎஸ்ஸே இடிக்கும், ஒயர் வளைய இன்னும் 30 மிமீ விடுங்கள். பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் முதலில் திறந்து பாருங்கள். பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரே கிடையாது, அவர்களுக்கென்று தனி கனெக்டர் இருக்கும்.

பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் வாரன்டிக்கு அந்த எண்தான் பேசும்.

## 6. கரண்ட் கொடுக்கும் முன்

மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால், கழன்ற திருகாணி ஒன்று 325 வோல்ட் பக்கம் கிடக்கலாம். உடனே திருப்பிக் கொடுங்கள். ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

மீட்டரைக் கன்டின்யூட்டி (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) நிலையில் வைத்து, பவர் கார்டை எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகி, சுவர் பக்க பிளக்கின் எர்த் பின்னுக்கும் எஸ்எம்பிஎஸ் திருகாணிக்கும் நடுவே பாருங்கள். பீப் அடிக்க வேண்டும், 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். பெயின்ட் மேல் புரோப் வைத்தால் ஒன்றும் வராது, திருகாணித் தலையில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் உள்ள சுவிட்சை (பின்சுவிட்ச்) ஆன் நிலையில் வைத்து, பேஸ் பின்னிலிருந்து எர்த் பின்னுக்கு ஓம் பாருங்கள். எண் எதுவும் வரக்கூடாது. வந்தால் கசிவு, அதற்கு மேல் போகாதீர்கள்.

## 7. முதல் கரண்ட்: சீரிஸ் லேம்ப் வழியாக

பழைய எஸ்எம்பிஎஸ், செகண்ட் ஹேண்ட், நீண்ட நாள் மூடிக் கிடந்தது என்றால் இந்தப் படி கட்டாயம். பேஸ் ஒயரின் நடுவே 100 வாட் குண்டு பல்பு வருவதுபோல் கட்டிய போர்டில் சொருகுங்கள். எதையும் இணைக்க வேண்டாம்.

பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தால் நல்லது. உள்ளே பெரிய கெப்பாசிட்டர் நிரம்பியதால் வந்த வெளிச்சம் அது. முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு இல்லாமல் நேராகக் கொடுத்திருந்தால் வீட்டு எம்சிபி விழுந்திருக்கும், அல்லது புகை வந்திருக்கும்.

பளிச்சிட்டு அணைந்ததும் சீரிஸ் லேம்ப்பை எடுத்துவிட்டு நேரடி மின்சாரத்துக்கு மாறுங்கள். சீரிஸ் லேம்ப்பில் வைத்தே முழுதாக ஆன் செய்யப் பார்ப்பது தவறு. லோடு ஏறினதும் பல்பு வோல்ட்டைத் தின்னும், பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்ட்டைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கூட விட்டுவிட்டு அடிக்கும். அதைப் பார்த்துப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

## 8. ஸ்டாண்ட்பை 5 வோல்ட்

நேரடி மின்சாரம் கொடுத்து, பின்சுவிட்சை ஆன் செய்து, வேறு எதையும் தொடாமல், 24 பின் கனெக்டரில் ஊதா ஒயருக்கும் கறுப்புக்கும் டிசி வோல்ட் பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை. எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்யச் சொல்லும் பச்சை ஒயரிலும் 3 முதல் 5 வோல்ட் வரை இருக்கும். அதைக் கறுப்போடு சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும்.

இதை முதலில் பார்ப்பதன் காரணம், உள்ளே தனிச் சுற்றாக எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். இது இல்லையென்றால் பச்சையும் கறுப்பும் சேர்த்து எத்தனை தடவை குத்தினாலும் ஒன்றும் நடக்காது. காலையில் முதல் முறை ஆன் ஆகாமல் நாலைந்து தடவை அழுத்தினதும் ஆன் ஆகும் பழைய சிஸ்டங்களில் பெரும்பாலும் தளர்ந்திருப்பது இந்தச் சுற்றின் கெப்பாசிட்டர்தான்.

## 9. பச்சையும் கறுப்பும்

பின்சுவிட்சை அணையுங்கள். பேப்பர் கிளிப்பை வளைத்துப் பச்சை ஓட்டையிலும் பக்கத்துக் கறுப்பிலும் சொருகுங்கள். கையை எடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

எல்லா ஒயரும் கறுப்பாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் பச்சையைக் கண்டுபிடிக்க ஒரு வழி. கனெக்டரில் கொக்கி இருக்கும் பக்கத்து 12 ஓட்டைகளை மட்டும் பாருங்கள். அதில் ஒன்று காலியாக இருக்கும், ஒரு முனையிலிருந்து எண்ணினால் 5ஆவது. அந்தக் காலி ஓட்டையிலிருந்து எதிர் முனை நோக்கி எண்ணிக்கொண்டு போனால் 4ஆவது பச்சை. அதன் இரு பக்கமும் கறுப்பு என்பதால் எந்தப் பக்கத்தைச் சேர்த்தாலும் சரி. வேறு இரண்டு ஓட்டைகளைச் சேர்த்துவிட்டால் 5 வோல்ட்டையோ 3.3ஐயோ ஷார்ட் செய்ததாகும்.

ஃபேன் சுற்றவில்லை என்று பயப்படாதீர்கள். சிலவற்றில் சூடு ஏறிய பிறகுதான் ஃபேன் தொடங்கும். மீட்டரை நம்புங்கள்:

- மஞ்சள்: 11.40 – 12.60
- சிவப்பு: 4.75 – 5.25
- ஆரஞ்சு: 3.14 – 3.46
- நீலம்: மைனஸ் 10.8 – மைனஸ் 13.2
- சாம்பல்: 5 வோல்ட்டை ஒட்டி

சாம்பல் ஒயர்தான் "எல்லாம் சரி, தொடங்கலாம்" என்று போர்டுக்குச் சொல்வது. ஆன் ஆகி 100 முதல் 500 மில்லி நொடிக்குள் அது வர வேண்டும். மற்றவை சரியாக இருந்து இது மட்டும் வராவிட்டால், கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றும், திரை வராது. கடைகளில் கிடைக்கும் சின்ன எல்சிடி டெஸ்டரில் பிஜி (பவர் குட்) என்று காட்டுவது இந்த நேரத்தைத்தான்.

பல கடைகளில் சோதனை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. லோடே இல்லாமல் 12.1 காட்டுவது மிகச் சாதாரணம். தேய்ந்த எஸ்எம்பிஎஸ்ஸும் காட்டும்.

## 10. பல்பு லோடு

இந்த ஒரு படியை யாரும் விட்டுவிடக் கூடாது. போர்டை ஆபத்தில் வைக்காமல் உண்மையான லோடு கொடுக்க இதைவிட மலிவான வழி இல்லை.

21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். நான்கு பல்பு 7 ஆம்பியர், 84 வாட். ஒரு மோலெக்ஸில் இரண்டு வீதம், மஞ்சளுக்கும் அதன் பக்கத்துக் கறுப்புக்கும் நடுவே இணையுங்கள். பல்புகளைத் தரை ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள், பிளாஸ்டிக் மேஜையில் வைத்தால் உருகும்.

நான்கையும் ஒன்றாக ஆன் செய்யாதீர்கள். ஆறிய இழையின் தடை சூடான இழையில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு பல்பு முதல் கணத்தில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ்கூட ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். ஒரு பல்போடு ஆன் செய்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஹெட்லைட் பல்பை முதலில் எடுத்துக்கொண்டு "ஆன் ஆகவே இல்லை" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

நான்கும் எரியும்போது மஞ்சளையும் சிவப்பையும் மாறி மாறிப் பாருங்கள். டிசி-டிசி அமைப்பில் 12.10 இருந்தது 12.05 ஆகலாம், 5 வோல்ட் அசையாது. குரூப் ரெகுலேஷனில் 12 கீழே சரிந்துகொண்டே போகும், 5 மேலே ஏறும். 84 வாட்டுக்கே மஞ்சள் 11.5க்கு வந்தால் 300 வாட்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

15 நிமிடம் எரியவிடுங்கள். லேசான புது பெயின்ட் வாசனை முதல் முறை வரும், போய்விடும். மீன் நாற்றம் போலவோ கருகல் போலவோ வந்தால் நிறுத்துங்கள். பிறகு அணைத்து ஒரு நிமிடம் கழித்துச் சூட்டோடு மறுபடி ஆன் செய்யுங்கள், ஆக வேண்டும்.

## 11. கேபினெட்டில் பொருத்துவது

ஒயர் கொக்கி கிளிக் என்று விழுந்ததைக் காதால் கேளுங்கள். பிராசஸர் 4+4, கார்டு 6+2 இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மஞ்சளும் கறுப்பும் தலைகீழ். அழுத்திச் சொருக வேண்டி வந்தால் தவறானதைப் பிடித்திருக்கிறீர்கள்.

மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொன்றில் போடாதீர்கள். ஒரே கம்பெனியின் வேறு மாடலிலும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. கனெக்டர் அழகாக உட்காரும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வரும், எஸ்எஸ்டியும் அதிலுள்ள படங்களும் போய்விடும். எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிள் உள்ளே இருக்கட்டும் என்று விடுவதால் நடக்கும் விபத்து இது. புதியதோடு வந்த கேபிளையே முழுவதும் இழுத்துப் போடுங்கள்.

கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனி ஒயர் கொடுங்கள், ஒரே ஒயரில் தொங்கும் இரட்டை வாலைக் கொடுக்காதீர்கள். 16 பின் இணைப்பு இடைவெளி தெரியாமல் முழுக்க உட்கார வேண்டும், முதல் 3, 4 சென்டிமீட்டரில் வளைக்கக் கூடாது. பாதி உட்கார்ந்த பின்னில் தடை கூடும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வார்ப்பு ஒயர்களையும் தவிருங்கள். உள்ளே ஒயர்கள் நெருங்கிக் கிடந்து தீப்பிடிப்பதுண்டு.

கீழே வலை இருந்தால் ஃபேன் தரையைப் பார்க்கட்டும். கேபினெட் கார்பெட்டில் நேராக உட்கார்ந்தால் ஃபேன் மேலே பார்க்கட்டும்.

## 12. முழு லோடில் அளவு

ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் பவர் டெஸ்ட்டை ஓடவிடுங்கள். அது இல்லையென்றால் பிராசஸருக்குப் பிரைம்95ஐயும் கார்டுக்கு ஃபர்மார்க்கையும் ஒன்றாக ஓட்டலாம். 30 நிமிடம். முதல் 5 நிமிடத்தில் எழுந்து போகாதீர்கள்.

கறுப்பு ஒயரை முதலைக் கிளிப்பால் உபயோகத்தில் இல்லாத மோலெக்ஸின் கறுப்பில் மாட்டிவிடுங்கள். ஒரு கை மட்டும் வேலை செய்தால் புரோப் வழுக்கி ஷார்ட் ஆகும் வாய்ப்பு குறைவு. இரண்டு இடத்தில் மஞ்சளைப் பாருங்கள். ஒன்று அதே காலி மோலெக்ஸ். அந்த ஒயரில் கரண்ட் ஓடாததால் எஸ்எம்பிஎஸ் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று காட்டும். இன்னொன்று கார்டின் 8 பின் கனெக்டரின் பின்புறம், ஒயர் நுழையும் ஓட்டையில்.

காலி மோலெக்ஸில் 12.02, கார்டில் 11.90 என்றால் எல்லாம் நலம், 0.12 வோல்ட் ஒயரில் போகிறது. மோலெக்ஸில் 12.02 இருக்கக் கார்டில் 11.6 என்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் குறை இல்லை, கனெக்டர் சரியாக உட்காரவில்லை அல்லது பின் தளர்ந்திருக்கிறது. இரண்டிலும் 11.5 என்றால் குறை எஸ்எம்பிஎஸ்ஸில்தான்.

திரையில் மென்பொருள் காட்டும் 12 வோல்ட்டை ஆதாரமாக எடுக்காதீர்கள். போர்டில் உள்ள சென்சார் 11.2 என்று காட்டும் அதே நேரம் மீட்டரில் 12.0 இருப்பது சாதாரணம்.

வாட் மீட்டர் இருந்தால் சுவரில் எவ்வளவு இழுக்கிறது என்று குறியுங்கள். 400 வாட் காட்டினால், 88 சதவீதத் திறனில் உள்ளே போவது 352. மூன்றாம் படியில் போட்ட கணக்கு சரியா என்று இப்போது தெரிந்துவிடும்.

ரிப்பிள், அதாவது டிசி வோல்ட்டின் மேல் வரும் சிறு அதிர்வு, பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும், மல்டிமீட்டரின் ஏசி நிலை அதற்கு ஆகாது. ஸ்கோப் உள்ளவர்கள் 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பு போட்டு, புரோப் முனையில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் 0.1 செராமிக்கும் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட், 5லும் 3.3லும் 50 மில்லி வோல்ட் உச்சவரம்பு.

## 13. யுபிஎஸ்ஸோடு சேர்ந்து நிற்கிறதா

திறந்த ஃபைல்களை மூடுங்கள். லோடு ஓடும்போது யுபிஎஸ் சொருகியிருக்கும் சாக்கெட்டின் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் எர்த்தும் போய்விடும்.

சாதாரண 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். சுவரில் 400 வாட் இழுக்கும் சிஸ்டம் அதில் நிற்காது, 1 கேவிஏ வேண்டும். வாட் போதுமானதாக இருந்தும் அணைந்தால், யுபிஎஸ் மாறும் இடைவெளியில் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கவில்லை, அல்லது யுபிஎஸ்ஸின் சதுர அலை பிஎஃப்சி சுற்றுக்கு ஒத்துவரவில்லை. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்ற நிலையில் மாறும் நேரம் அதிகம், எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்காது.

## 14. அணையும் விதத்தைப் படிப்பது

லோடில் பட்டென்று அணைந்து, பின்சுவிட்சை அணைத்துச் சில நொடி விட்டால்தான் மறுபடி ஆன் ஆகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு பூட்டிக்கொண்டது. வாட்ஸ் போதவில்லை, அல்லது எங்கோ ஷார்ட். அணைந்து தானே ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸும் இருக்கலாம், பிராசஸர் சூடும் இருக்கலாம். நீலத் திரை வந்தால் முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள்.

விண்டோஸ் பதிவில் கெர்னல்-பவர் 41 என்று வருவதை வைத்து எஸ்எம்பிஎஸ் மாற்றாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கரண்ட் போனாலும் அதே 41தான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டு பேப்பர் டேப்பில் தேதி, லோடில்லா 12 வோல்ட், முழு லோடு 12 வோல்ட், சுவர் வாட்ஸ் நான்கையும் எழுதி எஸ்எம்பிஎஸ் உடலிலேயே ஒட்டுங்கள். வருடம் ஒரு முறை தூசி ஊதும்போது அதே மீட்டரால் அதே இரண்டு இடத்தில் பாருங்கள். முழு லோடில் 11.95 இருந்தது 11.60 ஆகியிருந்தால் வரம்புக்குள் இருந்தாலும் கெப்பாசிட்டர் தளரத் தொடங்கிவிட்டது. அடுத்த கோடைக்குள் மாற்றிவிடுங்கள்.